மான் வேட்டைக்கு எந்தத் தோட்டா? தூரத்திலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் ஒரு துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்து தோட்டா அலமாரி முன் முதல்முறை நிற்பவருக்குத் தலை சுற்றும். .243, .270, .308, .30-06, 6.5 க்ரீட்மோர், 7 எம்எம்-08 என்று பெட்டிக்குப் பெட்டி எண் மாறுகிறது. எதை எடுப்பது என்று தெரியாதபோது, பெரியதாகப் பார்த்து எடுத்தால் தப்பு வராது என்று மனம் சொல்லும். பெரும்பாலோர் சறுக்குவது அந்த இடத்தில்தான்.

வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி ஏறக்குறைய 8 அங்குல அகலமுள்ள வட்டம். நம் வீட்டு டிபன் தட்டு அளவு. அந்தத் தட்டுக்குள் நல்ல குண்டு ஒன்று போனால் சின்ன .243-ஏ மானைச் சில வினாடிகளில் வீழ்த்திவிடும். தட்டுக்கு வெளியே போனால், மருந்து அதிகம் அடைத்த பலமான .300 வின்செஸ்டர் மேக்னமும் மானைக் காயப்படுத்தி, இருட்டும்வரை புதரில் தவிக்க விட்டுவிடும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நான் உட்காரப்போகும் இடத்திலிருந்து, குளிரில், படபடப்பில், எந்தத் தோட்டாவை வைத்து அந்தத் தட்டைத் தவறாமல் அடிப்பேன்? கீழே வரும் எல்லாமே அந்தக் கேள்விக்கான விடையைத் தேடும் வழிதான்.

இங்கே சொல்வது அமெரிக்காவில் உரிமத்தோடு நடக்கும் வேட்டைக்கு மட்டும். இந்தியாவில் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம்.

தோட்டா வேறு, குண்டு வேறு

பேச்சில் இரண்டையும் குண்டு என்றே சொல்லிவிடுகிறோம். இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். கடையில் வாங்குவது தோட்டா. அதில் நான்கு பாகம்: பித்தளைக் கூடு, அதன் அடியில் ஊசி குத்தும் ப்ரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகியிருக்கும் குண்டு. குழலிலிருந்து பறந்து போவது குண்டு மட்டும்தான். அதன் எடையைக் கிரெய்னில் சொல்வார்கள். 7000 கிரெய்ன் ஒரு பவுண்டு. 150 கிரெய்ன் குண்டு கிட்டத்தட்ட 9.7 கிராம்.

பெயரில் உள்ள எண்ணுக்கு ஒரே விதி கிடையாது. .308 என்பது குண்டின் விட்டம், அங்குலத்தில். .30-06-ஐ ‘தேர்ட்டி ஆட் சிக்ஸ்’ என்று படிக்க வேண்டும். அதில் 06 என்பது அமெரிக்க ராணுவம் அதை ஏற்ற 1906-ம் ஆண்டு. .30-30-ல் இரண்டாவது 30, ஆரம்பத்தில் அதில் போட்ட புகையில்லா மருந்தின் கிரெய்ன் அளவு. .270-ன் குண்டு விட்டமோ உண்மையில் .277 அங்குலம். எனவே பெயரை வைத்துப் பலத்தை எடை போடக் கூடாது. கூட்டின் உறவுமுறை தெரிந்தால் இதைவிட உதவும்: .308-ன் கூட்டை எடுத்துக் கழுத்தைக் குறுக்கினால் .243; அதே கூட்டில் 7 மில்லிமீட்டர் குண்டு வைத்தால் 7 எம்எம்-08. மூன்றும் ஒரே குடும்பம். அதனால்தான் ஒரே அளவுச் சிறிய துப்பாக்கியில் மூன்றும் கிடைக்கின்றன.

முதலில் சட்டப் புத்தகம்

ஒவ்வொரு மாநிலத்தின் வனவிலங்குத் துறையும் ஆண்டுதோறும் வேட்டை விதிகளை வெளியிடும். தோட்டாவைத் தேர்ந்தெடுக்கும் முன் அதைப் படித்தால் பாதி அலமாரி தானாகக் கழிந்துவிடும். கொலராடோவில் மானுக்குக் குறைந்தது .24 அங்குல விட்டம், 70 கிரெய்ன் குண்டு, 100 கெஜத்தில் 1000 அடி-பவுண்டு ஆற்றல், அதுவும் விரிந்து மலரும் குண்டாக இருக்க வேண்டும். .223 அங்கே மானுக்கு ஆகாது; .243-லிருந்துதான் ஆரம்பம்.

மிச்சிகனின் தென்பகுதியில் நெடுங்காலம் கழுத்துக் குறுகிய தோட்டாக்களுக்கே இடமில்லாமல் இருந்தது. நேர்ச்சுவர்த் தோட்டா, அதாவது கழுத்துக் குறுகாத நேரான கூடுள்ளது கேட்டார்கள்: குண்டு .35 அங்குலமோ அதற்கு மேலோ, கூட்டின் நீளம் 1.16 முதல் 1.80 அங்குலத்துக்குள். ஒஹாயோவும் 2014 முதல் நேர்ச்சுவர்த் தோட்டாக்களை அனுமதிக்கிறது. ஒரு காலத்தில் ஷாட்கன் எனும் குறுந்தூரத் துப்பாக்கி மட்டுமே பிடிக்க முடிந்த, வீடும் வயலும் கலந்த சமவெளிகள் இவை. தடித்த, மெதுவான குண்டு சீக்கிரம் வேகம் இழந்து தரையைத் தொட்டுவிடும் என்பதே விதியின் பின்னுள்ள எண்ணம். இந்தச் சந்தையைக் குறிவைத்துத்தான் வின்செஸ்டர் 2019-ல் .350 லெஜண்டைக் கொண்டுவந்தது.

கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த விலங்கு வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. ஈயத் துணுக்குகள் கிடக்கும் குடலைத் தின்று கலிஃபோர்னியக் காண்டார் கழுகுகள் நஞ்சேறிச் செத்ததே அதற்குப் பெரிய காரணம். அங்கே வேட்டையாடுபவர் செம்புக் குண்டில் கிடைக்கும் தோட்டாவாகப் பார்த்தே தொடங்க வேண்டும்.

தமிழ் வாசகர்களில் பலருக்குப் பொருந்தும் இன்னொன்று: எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்குள்ள விலக்குகளில் ஒன்று. உரிமம் காலாவதியானால் விலக்கும் போய்விடும். பெட்டித் தோட்டா வாங்கும் முன்பே உங்கள் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இது தண்டனையோடு, விசா சம்பந்தப்பட்ட விஷயமும் கூட. பச்சை அட்டைக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை.

உங்கள் தூரத்தை அளந்து பாருங்கள்

கடைப் பேச்சில் எல்லோரும் 400 கெஜம் சுடுவார்கள். கிழக்கு மாநிலங்களின் அடர்ந்த ஓக், மேப்பிள் காடுகளில் மான் கண்ணில் படுவதே பெரும்பாலும் 100 கெஜத்துக்குள்தான். சோள வயலோரத்தில் உட்கார்ந்தால் 150, 200. நெப்ராஸ்கா, மொன்டானா போன்ற திறந்த புல்வெளிகளில் 250, 300 சாதாரணம்.

சீசனுக்கு முன் ஒருநாள் உட்காரப்போகும் இடத்துக்கே போங்கள். லேசர் தூரமானியை எடுத்து, மான் வரக்கூடிய தடம், வேலி மூலை, ஒற்றை மரம், எதிர்ச்சரிவு ஒவ்வொன்றையும் அளந்து தாளில் குறியுங்கள். அந்தத் தாளில் உள்ள மிகப் பெரிய எண்தான் உங்கள் தோட்டாவின் வேலை. அது 120 என்றால், 400 கெஜத்துக்காக வடிவமைத்த தோட்டாவுக்கு அதிக விலை கொடுத்து, சுடும்போது துப்பாக்கி தோளில் இடிக்கும் உதையையும் வாங்குவது வீண்.

தோள் எவ்வளவு தாங்கும்

உதை என்பதைப் பலர் வீரப் பிரச்சினையாகப் பார்க்கிறார்கள். அது குறிப் பிரச்சினை. உதையைக் கண்டு உடம்பு பயந்துவிட்டால், விசையை இழுக்கும் கணத்துக்குச் சற்று முன் கண் மூடும், தோள் முன்னே தள்ளும், குழல் கீழே இறங்கும். 100 கெஜத்தில் அது 6 அங்குலப் பிழையாகி, நுரையீரலுக்குப் போக வேண்டிய குண்டு முன்னங்காலில் போய் நிற்கும்.

8 பவுண்டு எடையுள்ள துப்பாக்கியில் தோராயமான உதை, அடி-பவுண்டில்: .243 சுமார் 9, 6.5 க்ரீட்மோர் 12, 13; 7 எம்எம்-08 அதைவிடக் கொஞ்சம் கூட; .308 பதினாறு, பதினேழு; .30-06 இருபது; .300 வின்செஸ்டர் மேக்னம் 25-ஐத் தாண்டும். பலருக்குப் பயம் பிடிக்கத் தொடங்கும் கோடு 15-க்கும் 20-க்கும் நடுவே இருக்கிறது. மலையேற வசதி என்று 6 பவுண்டுத் துப்பாக்கி வாங்கினால் எல்லா எண்ணும் மேலே போகும். இலகு துப்பாக்கியில் .30-06 என்பது புதியவருக்கு நாமே வைக்கும் பொறி.

சோதனை எளிது. நண்பர் ஒருவர் உங்களுக்குத் தெரியாமல், சில முறை தோட்டாவோடும் சில முறை பயிற்சிக்கான போலித் தோட்டாவோடும் துப்பாக்கியை நிரப்பித் தரட்டும். போலி விழும்போது வெறும் ‘க்ளிக்’ கேட்கும். குழல் முனை அசையாமல் இருந்தால் நல்லது. தலை குனிந்து முனை கீழே குத்தினால், அந்தத் தோட்டா இப்போதைக்கு உங்களுக்கு அதிகம். ஒரு படி கீழே இறங்குங்கள். அல்லது அதே அளவில் உதை குறைத்த தோட்டாவைத் தேடுங்கள். பல நிறுவனங்கள் செய்கின்றன.

ஆற்றல் கணக்கு: எவ்வளவு போதும்

பெட்டியின் பின்புறம் வேகம் அடி/வினாடியில் இருக்கும். ஆற்றலை நீங்களே போடலாம்: குண்டின் எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 4,50,240-ஆல் வகுக்க வேண்டும். .308-ல் 150 கிரெய்ன் குண்டு 2820 அடி வேகத்தில் வந்தால் 2649 அடி-பவுண்டு. .243-ல் 100 கிரெய்ன், 2960 அடி என்றால் 1946. .30-30-ல் 170 கிரெய்ன், 2200 அடி என்றால் 1827.

மானுக்கு 1000 அடி-பவுண்டு வேண்டும் என்பது பழைய கைக்கணக்கு. சில மாநிலங்கள் அதையே சட்டமாக்கியதால் மதிப்புக் கூடியதே தவிர, அது இயற்கை விதி இல்லை. நாங்கள் அதைவிடப் பெரிதாகப் பார்ப்பது மானைத் தொடும் கணத்தில் குண்டின் வேகம். சாதாரண ஈயக் குண்டுகளில் பல, வினாடிக்கு 1800 அடிக்குக் கீழே ஒழுங்காக மலர்வதில்லை. செம்புக் குண்டுக்கு 2000 அடி இருந்தால் நிம்மதி. மலராத குண்டு ஊசி மாதிரி உள்ளே போய் வெளியே வந்துவிடும். துளை சின்னது, ரத்தம் குறைவு, மான் வெகுதூரம் ஓடும். மலிவான தோட்டாவைத் தூரத்தில் சுடுபவர்கள் ‘சரியாகத்தான் பட்டது, ஆனால் விழவில்லை’ என்று சொல்வதில் பாதிக்குக் காரணம் இதுதான்.

இன்னொரு சிக்கல்: பெட்டியில் போட்ட வேகம் பெரும்பாலும் 24 அங்குலச் சோதனைக் குழலில் எடுத்தது. உங்கள் குழல் 18 அங்குலம் என்றால், ஒரு அங்குலத்துக்குச் சுமார் 25 அடி வீதம் வினாடிக்கு 150 அடியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

தோட்டாக்கள் ஒவ்வொன்றாக

.243 வின்செஸ்டர், 1955. உதை குறைவு, பாதை தட்டை. சிறியவர்களுக்கும் உதைக்கு அஞ்சுபவர்களுக்கும் நல்ல தொடக்கம். ஒரு எச்சரிக்கை: இதில் 55, 58 கிரெய்ன் குண்டுகளும் விற்கிறார்கள். அவை ப்ரேரி நாய் எனும் கொறிவிலங்கு, கயோட்டி எனும் சிறு ஓநாய் வகை போன்றவற்றுக்கானவை. மானின் விலாவில் பட்டதுமே சிதறி மேல்காயம் போட்டுவிடும். மானுக்கு 90 முதல் 100 கிரெய்ன். செம்பு என்றால் 80, 85. 200 கெஜம் வரை எந்தக் கவலையும் இல்லை. சின்ன குண்டு என்பதால் எலும்பைத் தேடிப் போகாமல் நுரையீரலுக்கு வைக்கும் பொறுமை வேண்டும்.

.30-30 வின்செஸ்டர் 1895-ல் வந்தது, வின்செஸ்டர் 1894 லீவர் துப்பாக்கிக்காக. அமெரிக்காவில் இதைவிட அதிக மானை வீழ்த்திய தோட்டா இல்லை என்பது வேட்டைக்காரர்களின் வழக்குச் சொல். அடர்காட்டில் 125 கெஜத்துக்குள் இன்றும் அருமை. 170 கிரெய்ன் குண்டு 200 கெஜத்தைத் தொடும்போது ஆற்றல் 1000-க்குச் சற்றுக் கீழே இறங்கிவிடும். 100 கெஜத்தில் குறிக்கு நேராக விழும்படி திருத்திய துப்பாக்கியில், அங்கே குண்டு 8, 9 அங்குலம் தாழ்ந்துவிடும். லீவர் துப்பாக்கியில் தோட்டாக்கள் குழாய்க்குள் ஒன்றன் முன் ஒன்றாக நிற்கும். பின்னுள்ள குண்டின் நுனி முன்னுள்ள தோட்டாவின் ப்ரைமரில் இடிக்கும். ஆகவே தட்டை நுனி, உருண்டை நுனி, அல்லது இதற்கென்றே செய்த மெத்து நுனி மட்டும். கூர்நுனி போட்டால் உதையில் குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம்.

7 எம்எம்-08 ரெமிங்டன், 1980. பேச்சில் அதிகம் அடிபடாத பெயர். ஆனால் வெள்ளைவால் மானுக்கு ஒரே ஒரு தோட்டா சொல்லுங்கள் என்றால் எங்கள் கை இதைத்தான் காட்டும். 140 கிரெய்ன், ஏறக்குறைய 2800 அடி, 2400 அடி-பவுண்டுக்கு மேல், .308-ஐவிட மெல்லிய உதை. குறை ஒன்றுதான்: சின்ன ஊர்க் கடைகளில் எப்போதும் கிடைக்காது.

.308 வின்செஸ்டர், 1952. எங்கே போனாலும் கிடைக்கும், துப்பாக்கி வகை அதிகம், பயிற்சித் தோட்டா மலிவு. 150 கிரெய்ன் மானுக்கு மிகப் பொருத்தம். 180 தேவையில்லை, அது எல்க் எனும் பெரிய மான் வகைக்கும் கரடிக்கும். உதையைத் தாங்க முடிந்தால் யோசிக்காமல் எடுக்கலாம்.

6.5 க்ரீட்மோரை 2007-ல் ஹார்னடி போட்டிச் சுடுதலுக்காக உருவாக்கியது. நீண்ட, காற்றைக் கிழிக்கும் குண்டு, அடக்கமான உதை. 143 கிரெய்ன், 2700 அடி. 300 கெஜம் உண்மையாகவே சுட வேண்டிய திறந்த நிலத்துக்கு இது சிறப்பு. 80 கெஜக் காட்டில் இதற்கும் 7 எம்எம்-08-க்கும் மானுக்கு வித்தியாசம் தெரியாது. போட்டிக்கான குண்டு இருக்கும் பெட்டியைத் தவறி எடுத்துவிடாதீர்கள். பெட்டியில் ‘மேட்ச்’ என்று போட்டிருந்தால் வேட்டைக்கு வேண்டாம்.

.270 வின்செஸ்டர் 1925-லிருந்து, .30-06 1906-லிருந்து. இரண்டும் நீண்ட கூடு. .270-ல் 130 கிரெய்ன் 3060 அடி, 2700 அடி-பவுண்டு: சமவெளிக்குப் பொருத்தம். .30-06-ல் 150 அல்லது 165. மானோடு எல்க்கையும் வேட்டையாடப்போகிறீர்கள் என்றால் .30-06-க்கு அர்த்தம் உண்டு. மானுக்கு மட்டும் என்றால் உதைதான் மிச்சம்.

நேர்ச்சுவர் மாநிலங்களில் .350 லெஜண்ட், .450 புஷ்மாஸ்டர், 2023-ல் வந்த .360 பக்ஹாமர். .350-ன் உதை லேசு. 150 கெஜத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். .450 பலமாக அடிக்கும், பலமாக உதைக்கும்.

மேக்னம்களை மானுக்காக வாங்க வேண்டாம். கிட்டத்தில் பட்டால் முன்சப்பை முழுவதும் ரத்தம் கட்டிப்போய், தின்ன வேண்டிய கறி நாய்க்குப் போகும்.

பெயரை விட்டுக் குண்டைப் பாருங்கள்

ஒரே .308 பெட்டிகள் இரண்டு, மானுக்குள் இரண்டு விதமாக வேலை செய்யும். பழைய, மலிவான வகை: ஈயத்தின் மேல் செம்பு உறை, நுனியில் ஈயம் தெரியும். ரெமிங்டன் கோர்-லாக்ட், வின்செஸ்டர் பவர்-பாயிண்ட், ஃபெடரல் பவர்-ஷாக் எல்லாம் இந்த வகை. .308, 7 எம்எம்-08 போன்ற நடுத்தர வேகத்தில், 200 கெஜத்துக்குள், மானுக்கு இதைவிட அதிகம் செலவழிக்கத் தேவையே இல்லை. மிக வேகமான தோட்டாவில், 50 கெஜத்தில் முன்சப்பை எலும்பில் பட்டால்தான் இது உடைந்து நிற்கும்.

ஈயத்தையும் உறையையும் ஒட்டவைத்த குண்டுகள் இரண்டாம் வகை: நோஸ்லர் அக்யூபாண்ட், ஃபெடரல் ஃப்யூஷன். எலும்பில் பட்டாலும் எடையைப் பெரும்பாலும் இழக்காது. நடுவே தடுப்பு வைத்த நோஸ்லர் பார்ட்டிஷன் 1948 முதல் இதே வேலையைச் செய்கிறது. .243 போன்ற சின்ன குண்டுக்கு இந்த உறுதி உண்மையான உதவி.

மூன்றாவது, முழுச் செம்பு. பார்ன்ஸ் 1989-ல் கொண்டுவந்த எக்ஸ் குண்டிலிருந்து வளர்ந்த வகை. நுனி நான்கு இதழாக விரிந்து, எடை கிட்டத்தட்ட அப்படியே இருந்து, பெரும்பாலும் மறுபக்கம் வெளியேறும். ஈயத்தைவிடச் செம்பு அடர்த்தி குறைவு என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாகும். நீளக் குண்டுக்குக் குழலின் முறுக்கு, அதாவது குண்டைச் சுழற்றிவிடும் உட்புறச் சுருள் வரி, போதாமல் போகலாம். ஆகவே ஒரு படி எடை குறைத்து வாங்குங்கள்: .308-ல் 130 அல்லது 150, .270-ல் 110 முதல் 130, 6.5-ல் 120. வேகமும் கூடும், மலர்வதும் உறுதியாகும்.

கறியைக் குழந்தைகளுக்கும் கொடுக்கும் வீடு என்றால் செம்பை நாங்கள் வற்புறுத்திச் சொல்வோம். ஈயக் குண்டு உடையும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்திலிருந்து பல அங்குலம் வரை பரவும். 2008-ல் வடக்கு டகோட்டாவில் தானமாக வந்த மான் கொத்துக்கறியை ஏழைகளுக்கான உணவு மையங்கள் கொடுக்க வேண்டாம் என்று சுகாதாரத் துறை சொன்னதும் இதனால்தான். ஈயம் சுட்டால் காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுங்கள். அந்தப் பகுதியைக் கொத்துக்கறிக்குப் போடவே கூடாது.

முழு உறைக் குண்டு, அதாவது ராணுவப் பயிற்சி வகை, மலராது. பல மாநிலங்களில் மானுக்குத் தடை. மலிவு என்று எடுக்க வேண்டாம்.

குழலில் பொறித்ததைப் படியுங்கள்

தோட்டாவின் பெயர் குழலின் பக்கத்தில் பொறித்திருக்கும். அந்த எழுத்தும் பெட்டியின் எழுத்தும், தோட்டாவின் அடியில் குத்திய எழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும், முழுப்பெயரோடு. .270 வின்செஸ்டர், .270 வின்செஸ்டர் ஷார்ட் மேக்னம், .270 வெதர்பி மேக்னம் மூன்றும் வெவ்வேறு. மிக மோசமான குழப்பம் .300 பிளாக்அவுட்டும் .223-உம். முதலாவது இரண்டாவதன் கூட்டை நீளத்தில் வெட்டிக் குறைத்துச் செய்தது; .223 துப்பாக்கிக்குள் அது போய் உட்காரலாம். சுட்டால் .308 குண்டு .224 குழலுக்குள் நுழைய முயன்று துப்பாக்கி முகத்தருகே வெடிக்கும். இரண்டு வகையும் வீட்டில் இருந்தால் ஒரே பையில், ஒரே மேசையில் சேர்க்கவே கூடாது.

வாங்குவதும் நேராக்குவதும்

முதலில் ஒரே எடையில் மூன்று வெவ்வேறு தோட்டாக்களை வகைக்கொரு பெட்டி வாங்குங்கள். உங்கள் குழலுக்கு எது பிடிக்கும் என்று சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். விலை அதிகம் என்பதால் நெருக்கமாக விழும் என்று எந்த உறுதியும் இல்லை. 100 கெஜத்தில், மூன்று குண்டு ஒன்றரை அங்குலத்துக்குள் விழுந்தால் மானுக்கு அது ஏராளம். தேர்ந்ததும் அதே லாட் எண்ணில் (ஒரே தயாரிப்புத் தொகுதி எண்) நான்கைந்து பெட்டி சேர்த்து வாங்கிவிடுங்கள். லாட் மாறினால் விழும் இடம் மாறலாம்.

1. கண், காதுக் காப்போடு தொடங்குங்கள். ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) திருகுகளை, தயாரிப்பாளர் சொன்ன இறுக்கத்துக்குச் சரிபாருங்கள். குறி நிலைக்காத துப்பாக்கிகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தத் திருகு. புருவத்துக்கும் ஸ்கோப்புக்கும் மூன்றரை அங்குலம் போல இடைவெளி விடுங்கள்; இல்லையென்றால் உதையில் புருவம் கிழியும்.

2. 25 கெஜத்தில், மணல்பை மேல் வைத்து ஒரு குண்டு. தாளில் எங்கே விழுந்தாலும், நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

3. 100 கெஜத்துக்குப் போங்கள். மூன்று குண்டு சுட்டு, அந்த மூன்றின் நடுவை அளந்து, அதற்கேற்ப மட்டும் திருப்புங்கள். ஒவ்வொரு குண்டுக்கும் திருப்பினால் தோட்டாவைத்தான் தீர்ப்பீர்கள். பெரும்பாலான ஸ்கோப்பில் ஒரு க்ளிக் 100 கெஜத்தில் கால் அங்குலம்.

4. .308, 7 எம்எம்-08, .270 போன்றவற்றுக்குக் குண்டுகள் 100-ல் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் மேலே விழும்படி நிறுத்துங்கள். 200-ல் ஏறக்குறைய நேராகும், 250-ல் மூன்று நான்கு அங்குலம் தாழும். 250 வரை நடுவையே பிடிக்கலாம். .30-30, .350-ஐ 100-ல் நேராக்கினால் போதும்.

5. மூன்று குண்டுக்கொருமுறை குழலை ஆற விடுங்கள். மானைச் சுடும்போது குழல் குளிர்ந்திருக்கும். ஆகவே மறுநாள் வந்து, ஒரே ஒரு குளிர்ந்த குழல் குண்டு எங்கே போகிறது என்று பாருங்கள். அதுதான் நம்ப வேண்டிய குறி. எண்ணெய் துடைத்த புதுக் குழலின் முதல் குண்டு விலகலாம் என்பதால், சீசனுக்கு முன் சுத்தம் செய்தபின் இரண்டு மூன்று சுட்டு வைத்துவிடுங்கள்.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால், குழலை இலக்கு நோக்கியே வைத்து 30 வினாடி காத்திருந்து திறக்க வேண்டும். சத்தம் மந்தமாகக் கேட்டால் அடுத்ததைச் சுடவே கூடாது. குண்டு குழலுக்குள் சிக்கியிருக்கலாம்.

பிறகு மணல்பையை எடுத்துவிடுங்கள். காட்டில் மேசை இருக்காது. 8 அங்குலக் காகிதத் தட்டைத் தொங்கவிட்டு, உட்கார்ந்து, முழங்காலிட்டு, மரத்தில் சாய்ந்து சுடுங்கள். ஐந்துக்கு ஐந்தும் தட்டில் விழும் தூரம்தான் உங்கள் எல்லை. தோட்டா 300 கெஜம் தாங்கும், நீங்கள் 130 என்றால், எல்லை 130.

மான் சொல்லும் தீர்ப்பு

பக்கவாட்டில் நிற்கும் மானுக்கு, முன்னங்காலின் பின்விளிம்பை ஒட்டி, உடலின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் வையுங்கள். சற்றுத் திரும்பி விலகி நின்றால், மறுபக்கத்து முன்சப்பையை மனத்தில் குறித்து அதை நோக்கி. தலை, கழுத்து, பின்பக்கம் வேண்டாம். மானுக்குப் பின்னால் மண் இருக்க வேண்டும்; மேட்டின் விளிம்பில் வானத்தை வெட்டி நிற்கும் மானைச் சுடக் கூடாது, அந்தக் குண்டு சில மைல் போகும்.

சுட்டதும் மான் நின்ற இடத்தைக் கண்ணால் பிடித்துவைத்து அரை மணி நேரம் காத்திருங்கள். நுரையுள்ள இளஞ்சிவப்பு ரத்தம் நுரையீரல். மான் அருகில்தான் கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல். மூன்று நான்கு மணி நேரம் விடுங்கள். பச்சை கலந்து நாற்றம் வந்தால் குடல். எட்டு மணி நேரம்கூடத் தொந்தரவு செய்யாதீர்கள், துரத்தினால் மைல்கணக்கில் போய்விடும்.

மானைத் திறக்கும்போது அவசரப்படாமல் நெஞ்சுக்கூட்டைப் பாருங்கள். உள்ளே போன துளை விரல் நுனி அளவும், வெளிவந்தது ரூபாய் நாணய அளவும், நடுவே நுரையீரல் கூழாகியும் இருந்தால் குண்டு தன் வேலையைச் செய்திருக்கிறது. இரண்டு துளையும் பென்சில் அளவு என்றால் மலரவில்லை: மென்மையான குண்டு எடுங்கள், அல்லது தூரத்தைக் குறையுங்கள். விலாவின் மேலேயே கறி சிதைந்து, உள்ளே வெறும் துணுக்குகள் கிடந்தால் குண்டு முன்னதாகவே உடைந்துவிட்டது: ஒட்டிய குண்டுக்கோ செம்புக்கோ மாறுங்கள். மறுபக்கத் தோலுக்கு அடியில் காளான் மாதிரி மலர்ந்த குண்டு கிடைத்தால் கழுவி எடை போட்டு, பெட்டியின் லாட் எண், தூரம், எடை மூன்றையும் அந்தப் பெட்டி மூடியிலேயே எழுதிவையுங்கள். அடுத்த சீசனுக்குத் தோட்டா வாங்கப் போகும்போது கையில் எடுத்துப்போக வேண்டியது அந்த மூடியைத்தான்.